‘டிடக்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை படிப்பவர்கள், நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், கணிதமோ கணினியோ படிப்பவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ‘டிடக்டிவ்’ என்ற பெயரடையைச் சந்திப்பார்கள். டிடக்டிவ் ரீசனிங், டிடக்டிவ் ஆர்கியுமென்ட், டிடக்டிவ் அப்ரோச் என்று அது ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அகராதியைப் புரட்டினால், ‘பொது விதியிலிருந்து தனி முடிவுக்கு வருகிற’ என்று ஒரு வரி கிடைக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு எழுதப் போனால் சில இடங்களில் சரியாக அமையும், சில இடங்களில் தப்பாகிவிடும். எங்கே தப்பாகும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் சொல் கைவசமாகும்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடலாம். டி-டக்-டிவ். அழுத்தம் நடுவில், ‘டக்’ மேல். துப்பறிபவரைக் குறிக்கும் டிடெக்டிவ் வேறு சொல். இரண்டுக்கும் நடு அசையில்தான் வித்தியாசம் என்பதால் பேசும்போது அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வேரிலும் இரண்டும் வேறு வேறு. டிடெக்ட் என்பதற்கு லத்தீனில் மூடியிருப்பதைத் திறப்பது என்று பொருள். டிடக்டிவ் என்பதன் அடியில் இருப்பது ‘டூகெரே’ என்ற வினை. வழிநடத்திச் செல்வது என்று பொருள். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது போல, தெரிந்த கூற்றுகளிலிருந்து முடிவுக்கு இட்டுச் செல்வது.

முதல் படி: சொல் தரும் உத்தரவாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாதத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. நாம் அடிப்படையாக வைக்கும் ஆதாரக் கூற்றுகள், அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு. இந்த இரண்டுக்கும் இடையே என்ன வகையான பிடிப்பு இருக்கிறது என்பதைத்தான் டிடக்டிவ் சொல்கிறது. ஆதாரக் கூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்தால் முடிவு பொய்யாக இருக்கவே முடியாது, அப்படிப்பட்ட பிடிப்பு இருப்பதாக உரிமை கொண்டாடும் வாதம் டிடக்டிவ் வாதம். ‘பெரும்பாலும் உண்மையாக இருக்கும்’ என்றால் போதாது. ‘இருந்தே தீரும்’ என்ற நிலை வேண்டும்.

சுடோக்கு என்ற எண் புதிரைப் போட்டவர்களுக்கு இது கையோடு தெரிந்த விஷயம். ஒரு காலிக் கட்டத்தைப் பாருங்கள். அதே கிடைவரிசையில் 1, 4, 6, 9 ஏற்கெனவே இருக்கின்றன. அதே செங்குத்து வரிசையில் 2, 3, 8. அது இருக்கும் மூன்றுக்கு மூன்று பெட்டிக்குள் 5. விதிப்படி 1 முதல் 9 வரையிலான எண்களைத்தான் போட வேண்டும், ஓர் எண் எதிலும் இரண்டு முறை வரக் கூடாது. எட்டு எண்களும் அடைபட்டுவிட்டன, ஆகவே இங்கே 7. இதில் அனுபவம், உள்ளுணர்வு, நிகழ்தகவு எதற்கும் வேலையில்லை. விதியையும் மற்ற எண்களையும் ஒப்புக்கொண்டவர் 7-ஐயும் ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்த நகர்வை ஆங்கிலத்தில் ‘பியூர்லி டிடக்டிவ்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

பக்கத்தில், மறைந்திருக்கும் குண்டுகளைத் தொடாமல் கட்டங்களைத் திறக்கும் மைன்ஸ்வீப்பர் என்ற கணினி விளையாட்டை வைத்துப் பாருங்கள். அதிலும் பல கட்டங்களை இதேபோல் உறுதியாகத் திறக்கலாம். ஆனால் சில வேளை, இரண்டு கட்டங்களில் ஒன்றில் குண்டு இருக்கிறது, எதில் என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை என்ற நிலை வரும். அப்போது ஏதோ ஒன்றைத் தொடுகிறோமே, அந்த நகர்வு டிடக்டிவ் அல்ல, அது சரியாகவே அமைந்துவிட்டாலும்கூட. முடிவு பலித்ததா என்பதைப் பொறுத்து இந்தச் சொல் வருவதில்லை. எந்த வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்துதான் வருகிறது.

ஆகவே சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரே சோதனை போதும். ஆதாரக் கூற்றுகள் எல்லாம் உண்மையாகவும் முடிவு மட்டும் பொய்யாகவும் இருக்கிற ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்ய முடிகிறதா? எவ்வளவு விசித்திரமான சூழ்நிலையாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் உத்தரவாதம் உடைந்தது என்று பொருள்.

இரண்டாம் படி: ‘பொதுவிலிருந்து தனி’ என்ற சூத்திரத்தைத் தள்ளி வையுங்கள்

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல பாடக் குறிப்புகள் டிடக்டிவ் என்றால் பொதுவிலிருந்து தனிக்கு, இன்டக்டிவ் என்றால் தனியிலிருந்து பொதுவுக்கு என்று இரண்டே வரியில் முடித்துவிடுகின்றன. நினைவில் வைக்க வசதி, ஆனால் சரியான இலக்கணம் இல்லை.

சாவி மேசை மேல் இருக்கிறது, இல்லாவிட்டால் பையில் இருக்கிறது. மேசை மேல் இல்லை. ஆகவே பையில் இருக்கிறது. இதில் பொது விதி எங்கே? மூன்று கூற்றுகளும் ஒரு குறிப்பிட்ட சாவியைப் பற்றியவை. ஆனாலும் இது அப்பழுக்கில்லாத டிடக்டிவ் வாதம்.

இன்னொரு பக்கம், எல்லாச் சதுரங்களும் செவ்வகங்கள், எல்லாச் செவ்வகங்களும் இணைகரங்கள், ஆகவே எல்லாச் சதுரங்களும் இணைகரங்கள். இது பொதுவிலிருந்து பொதுவுக்கே போகிறது. இதுவும் டிடக்டிவ்தான்.

மூன்றாவதாக இதைப் பாருங்கள். இந்த வழித்தடத்தில் ஓடும் ரயில்களில் பெரும்பாலானவை தாமதமாகத்தான் வருகின்றன. இன்று மாலை வர வேண்டியதும் இந்த வழித்தட ரயில். ஆகவே அதுவும் தாமதமாகும். பொதுவான ஒரு கூற்றிலிருந்து தனி நிகழ்வுக்கு வந்திருக்கிறோம். சூத்திரத்தை நம்பினால் இதை டிடக்டிவ் என்று எழுதிவிடுவோம். ஆனால் ‘பெரும்பாலானவை’ என்ற ஒரு சொல் போதும், இன்றைய ரயில் சரியான நேரத்துக்கு வரலாம் என்பதற்கு. இது இன்டக்டிவ் வாதம்.

மூன்றாம் படி: டிடக்டிவ் வேறு, வேலிட் வேறு, சவுண்ட் வேறு

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டிடக்டிவ் என்பது வாதத்தின் வகை. ‘என் முடிவு தப்பவே முடியாது’ என்று சொல்லிக்கொண்டு வரும் வாதம். அது சொன்னபடி நடந்துகொண்டால் வேலிட், நடந்துகொள்ளாவிட்டால் இன்வேலிட். அதனால்தான் தர்க்கப் புத்தகங்களில் ‘இன்வேலிட் டிடக்டிவ் ஆர்கியுமென்ட்’ என்ற தொடர் சாதாரணமாக வருகிறது. அதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: பேட்டரி தீர்ந்தால் கைபேசி அணைந்துவிடும். கைபேசி அணைந்திருக்கிறது. ஆகவே பேட்டரி தீர்ந்துவிட்டது. சொல்கிறவர் நிச்சயமாகத்தான் சொல்கிறார். ஆனால் யாராவது கையால் அணைத்திருக்கலாம், கீழே விழுந்து பழுதாகியிருக்கலாம். ஆதாரக் கூற்றுகள் உண்மை, முடிவு பொய் என்ற சூழ்நிலை சுலபமாகக் கிடைத்துவிட்டது. இன்வேலிட்.

இதே வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். பேட்டரி தீர்ந்தால் கைபேசி அணைந்துவிடும். கைபேசி அணையவில்லை. ஆகவே பேட்டரி தீரவில்லை. இப்போது உடைக்க முயன்று பாருங்கள், முடியாது. வேலிட்.

இந்தத் திருப்பத்தில் மனித மனம் எவ்வளவு தடுமாறுகிறது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1966-இல் பீட்டர் வாசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் வெளியிட்டது. நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறு பக்கம் எண். மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறு பக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? மேலே படிக்கும் முன் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானோர் உயிரெழுத்தையும் 4-ஐயும் சொல்கிறார்கள். சரியான விடை உயிரெழுத்தும் 7-உம். 4-க்குப் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. மெய்யெழுத்துக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்று விதி எதுவுமே சொல்லவில்லை. ஆனால் 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி அங்கேயே பொய்த்துவிடும். கைபேசி எடுத்துக்காட்டில் பார்த்த அதே இரண்டு திசைகள்தான் இங்கேயும் விளையாடுகின்றன.

அடுத்து சவுண்ட். எல்லாத் திமிங்கலங்களும் மீன்கள். எல்லா மீன்களும் செவுளால் சுவாசிக்கும். ஆகவே எல்லாத் திமிங்கலங்களும் செவுளால் சுவாசிக்கும். முதல் கூற்றே பொய், திமிங்கலம் பாலூட்டி. முடிவும் பொய். ஆனால் வாதம் வேலிட். அந்தக் கூற்றுகளை ஒப்புக்கொண்டால் முடிவையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வடிவமும் சரியாக இருந்து ஆதாரக் கூற்றுகளும் உண்மையாக இருந்தால்தான் சவுண்ட் என்பார்கள். எனவே யாராவது ‘இது டிடக்டிவ் லாஜிக், ஆகவே இது உண்மை’ என்று எழுதினால் உடனே தலையசைக்காதீர்கள். ஆதாரக் கூற்று எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டிடக்டிவ் முறை பொய்யையும் அதே விசுவாசத்தோடு சுமந்து போகும்.

இன்னொரு எச்சரிக்கை, சொல்லாமல் விடப்பட்ட ஆதாரக் கூற்று. டிடக்டிவ் முறைக்கு உலகமே மாதிரியாகக் காட்டுவது யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தொகுத்த வடிவியலை. சில வரையறைகள், நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் சில அடிப்படைக் கூற்றுகளான அடிகோள்கள், அவற்றிலிருந்து படிப்படியாக நூற்றுக்கணக்கான தேற்றங்கள். அதன் முதல் தேற்றத்தில், ஒரு நேர்கோட்டின் இரு முனைகளையும் மையமாகக் கொண்டு இரண்டு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியை எடுத்துச் சமபக்க முக்கோணம் அமைக்கிறார். அந்த வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்பதற்கு அவருடைய அடிகோள்களில் ஆதாரம் இல்லை. படத்தைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இத்தகைய இடைவெளிகளை அடைத்து வடிவியலுக்கு முழுமையான அடிகோள் தொகுப்பை டேவிட் ஹில்பர்ட் வெளியிட்டது 1899-இல். யூக்ளிட்டின் குறையைப் பெரிதாக்க இதைச் சொல்லவில்லை. ஒரு வாதத்தை டிடக்டிவ் என்று அழைக்கும் முன், அதற்குத் தேவையான எல்லாக் கூற்றுகளும் தாளில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரிவதும் மனத்துக்குப் படுவதும் கணக்கில் வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்காம் படி: அண்டை வீட்டுச் சொற்களோடு சேர்த்துப் பழகுங்கள்

டிடக்டிவ் தனியாகப் புரிவதைவிட இன்டக்டிவ், அப்டக்டிவ் ஆகிய இரண்டோடும் சேர்த்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

இன்டக்டிவ் என்பது பார்த்தவற்றிலிருந்து பார்க்காதவற்றுக்குத் தாவுவது. கையில் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஏதாவது ஓர் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கி, அதோடு 41-ஐக் கூட்டுங்கள். 0-இல் தொடங்கினால் 41. 1 என்றால் 43. 2 என்றால் 47. அப்புறம் 53, 61, 71. எல்லாம் பகா எண்கள். பத்து வரை போங்கள், இருபது வரை போங்கள், முப்பது வரை போங்கள், பகா எண்களாகவே வந்துகொண்டிருக்கும். ‘இது எப்போதும் பகா எண்தான் தரும்’ என்று இந்த இடத்தில் நீங்கள் முடிவு கட்டினால் அது இன்டக்டிவ் முடிவு. 39 வரை அது பொய்க்காது. 40-ஐப் போடுங்கள். 40-ஐ 41-ஆல் பெருக்கி 41-ஐக் கூட்டினால், நாற்பது நாற்பத்தொன்றுகளும் இன்னொரு நாற்பத்தொன்றும். அதாவது 41 தடவை 41, மொத்தம் 1681. பகா எண் இல்லை.

இதில் ஓர் அழகு இருக்கிறது. முதல் நாற்பது விடைகளையும் ஒன்றொன்றாகச் சோதித்துப் பொது முடிவுக்குத் தாவியது இன்டக்டிவ். 40-இல் விடை 41-ஆல் வகுபடும் என்று எதையும் சோதிக்காமல், அமைப்பைப் பார்த்தே சொன்னது டிடக்டிவ். இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால் இந்த ஒரு கணக்கே போதும் என்பது என் கருத்து.

கணிதக்காரர்கள் டிடக்டிவ் நிரூபணத்துக்காக இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான். 2-க்கு மேற்பட்ட எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்ற கோல்ட்பாக் கருதுகோள் 1742-இல் ஆய்லருக்கு எழுதப்பட்ட கடிதத்திலிருந்து பிறந்தது. 4-க்குப் பின் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண் வரைக்கும் கணினியால் சோதித்துவிட்டார்கள். ஒரு விதிவிலக்குகூடக் கிடைக்கவில்லை. இருந்தும் அது இன்னும் கருதுகோள்தான், தேற்றம் ஆகவில்லை. இன்டக்டிவ் ஆதாரம் மலையளவு இருக்கிறது, டிடக்டிவ் நிரூபணம் இல்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. ‘மேத்தமெட்டிகல் இன்டக்ஷன்’ என்று கணிதத்தில் ஒரு நிரூபண முறை இருக்கிறது. பெயரில் இன்டக்ஷன் இருந்தாலும் முறை முழுக்க டிடக்டிவ். முதல் எண்ணுக்குப் பொருந்தும், ஓர் எண்ணுக்குப் பொருந்தினால் அடுத்ததற்கும் பொருந்தும், ஆகவே எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற வாதத்தில் தப்பிக்க இடமே கிடையாது. தேர்வுகளில் விரும்பிக் கேட்கப்படும் கேள்வி இது.

அப்டக்டிவ் என்பது கிடைத்த தடயங்களுக்கு மிகப் பொருத்தமான விளக்கத்தை ஊகிப்பது. இந்தப் பெயரைத் தர்க்கத்தில் நிலைநிறுத்தியவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ். துப்பறியும் கதைகளில் நாயகர் காலணிச் சேற்றைப் பார்த்து, ‘நீங்கள் ஆற்றங்கரையிலிருந்து வருகிறீர்கள்’ என்கிறாரே, அதைக் கதைகளும் பேச்சு ஆங்கிலமும் டிடக்ஷன் என்றே அழைக்கின்றன. தர்க்கத்தின் கணக்கில் அது பெரும்பாலும் அப்டக்ஷன். சேறு வேறு இடத்திலும் ஒட்டியிருக்கலாம் அல்லவா? பேச்சில் டிடக்ஷன் என்று சொல்வதைத் தவறு என்று திருத்தப் போக வேண்டாம், அந்த வழக்கு வேரூன்றிவிட்டது. தர்க்கம், தத்துவம், ஆய்வு முறை பற்றி எழுதும்போது மட்டும் பிரித்து எழுதுங்கள்.

அப்டக்டிவும் டிடக்டிவும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதற்கு நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட கதை நல்ல சாட்சி. யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் போகவில்லை. இன்னும் பார்க்காத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று ஊகித்தது அப்டக்டிவ். அப்படி ஒரு கோள் இருந்தால், ஈர்ப்பு விதிப்படி அது வானத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே போட்ட கணக்கு டிடக்டிவ். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் கோள் அகப்பட்டது. பிறகு புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு தெரிய, லெ வெரியே அதே பாணியில் சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. கோள்தான் கிடைக்கவில்லை. புதனின் பிசகுக்கு விளக்கம் 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலிலிருந்து வந்தது. கணக்கின் டிடக்டிவ் பகுதியில் குறை இல்லை, ஊகித்த ஆதாரக் கூற்றில்தான் குறை.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் எப்படி வைப்பது

டிடக்டிவ் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். ரீசனிங், லாஜிக், ஆர்கியுமென்ட், இன்ஃபெரன்ஸ், ப்ரூஃப், மெத்தட், சிஸ்டம், அப்ரோச், ஸ்கில்ஸ், இவைதான் அதன் வழக்கமான துணைகள். ‘தி ஆர்கியுமென்ட் இஸ் டிடக்டிவ்’ என்று வாக்கியத்தின் கடைசியிலும் வைக்கலாம். ஆனால் ஆளைக் குறித்து ‘ஹீ இஸ் வெரி டிடக்டிவ்’ என்று எழுதினால் காதில் ஒட்டாது. அவருக்கு ‘ஸ்ட்ராங் டிடக்டிவ் ஸ்கில்ஸ்’ இருக்கிறது என்று எழுதுங்கள். ‘வெரி’ இந்தச் சொல்லோடு அவ்வளவாகச் சேராது. அந்த இடத்தில் பியூர்லி, ஸ்ட்ரிக்ட்லி போன்றவை இயல்பாக வரும். வினையடை டிடக்டிவ்லி. ‘டிடக்டிவ்லி வேலிட்’ என்பது அடிக்கடி காணும் சேர்க்கை.

வினைச்சொல்லில்தான் கவனம் தேவை. முடிவுக்கு வருவது டிடியூஸ். தொகையைக் கழிப்பது, சம்பளத்தில் பிடித்துக்கொள்வது டிடக்ட். இரண்டுக்கும் பெயர்ச்சொல் ஒன்றே, டிடக்ஷன். அதனால்தான் குழப்பம். ‘ஐ டிடக்டட் தட் ஹீ வாஸ் லையிங்’ என்று எழுதுவது பலர் செய்யும் பிழை. டிடியூஸ்ட் என்று வர வேண்டும். எதிலிருந்து முடிவெடுத்தோம் என்பதை ஃப்ரம் சேர்த்துச் சொல்லுங்கள், டிடியூஸ் ஃப்ரம் தி எவிடன்ஸ் என்பது போல. இதே கிளையில் இன்னும் இரண்டு. டிடியூசிபிள் என்றால் முடிவாகப் பெறக்கூடியது. டிடக்டிபிள் என்றால் கழிக்கக்கூடியது. காப்பீட்டில் இழப்பின் முதல் பகுதியாக நாமே ஏற்கும் தொகைக்கும் அமெரிக்க ஆங்கிலத்தில் அதுதான் பெயர். வரி, காப்பீடு பற்றிய பக்கத்தில் டிடக்டிவ் என்று பார்த்தால் அது பெரும்பாலும் எழுத்துப் பிழை.

ஆறாம் படி: துறைக்குத் துறை நிறம் மாறும்

கற்பித்தலில் டிடக்டிவ் என்றால் விதியை முதலில் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுக்குப் போவது. எடுத்துக்காட்டுகளைக் காட்டி மாணவரே விதியைக் கண்டுபிடிக்கும்படி செய்வது இன்டக்டிவ். இங்கே நாம் தள்ளி வைத்த ‘பொதுவிலிருந்து தனி’ சூத்திரம் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் பேச்சு பாடம் நடத்தும் வரிசையைப் பற்றியது. தர்க்கப் பிடிப்பு பற்றியதல்ல.

சமூக அறிவியல் ஆய்வில் ‘டிடக்டிவ் அப்ரோச்’ என்றால் ஏற்கெனவே உள்ள கோட்பாட்டிலிருந்து கருதுகோள் உருவாக்கி, தரவு திரட்டிச் சோதிப்பது. நேர்காணல்களை அலசும்போது ‘டிடக்டிவ் கோடிங்’ என்றால் குறியீடுகளை முன்னதாகவே முடிவு செய்துகொண்டு உரையைப் படிப்பது. கணினித் துறையில் டிடக்டிவ் டேட்டாபேஸ் என்று ஒன்று உண்டு. அதில் தகவல்களோடு விதிகளையும் சேமிப்பார்கள். ஒருவர் இன்னொருவருக்குத் தாய், அந்த இன்னொருவர் மூன்றாமவருக்குத் தாய் என்று இரண்டு தகவல்களும், பாட்டி யார் என்பதற்கான விதியும் இருந்தால், யாரும் பதிவு செய்யாத பாட்டி உறவை அது தானே வருவித்துத் தரும். இதற்கென்றே புழங்கும் மொழி டேட்டாலாக்.

தமிழில் எழுதும்போது

டிடக்டிவ் என்பதற்கு இலங்கையின் அளவையியல் (தர்க்க) நூல்களில் ‘உய்த்தறி’, இன்டக்டிவுக்குத் ‘தொகுத்தறி’ என்று வழங்குகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்வியியல் நூல்களில் கற்பித்தல் முறையைக் குறிக்கும்போது ‘விதிவிளக்கு முறை’, ‘விதிவரு முறை’ என்ற இணை வரும். தர்க்கத்துக்கு முதல் இணை, வகுப்பறைக்கு இரண்டாவது இணை என்று வைத்துக்கொண்டால் படிப்பவர் தடுமாற மாட்டார். அனுமானம் என்ற பழைய சொல் எல்லா வகை முடிவெடுப்பையும் தழுவுவது, அதோடு இன்றைய பேச்சில் அது ஏறக்குறைய ஊகம் என்றே ஆகிவிட்டது. டிடக்டிவ் ரீசனிங்கை ஊகம் என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

கொஞ்சம் பயிற்சி

ஒவ்வொன்றுக்கும் எந்தச் சொல் பொருந்தும் என்று நீங்களே சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

ஓர் அறையில் 13 பேர் இருக்கிறார்கள். ஆகவே அவர்களில் குறைந்தது இரண்டு பேராவது ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். இது டிடக்டிவ். மாதங்கள் 12 தான், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேட்ட 500 பயனர்களில் 430 பேருக்குப் புதிய வடிவமைப்பு பிடித்திருக்கிறது. ஆகவே பெரும்பாலான பயனர்களுக்குப் பிடிக்கும். இன்டக்டிவ். கணக்கு துல்லியமாக இருப்பதால் டிடக்டிவ் ஆகிவிடாது.

காய்ச்சல், தொண்டை வலி, தும்மல் மூன்றும் இருப்பதால் இது வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்வது அப்டக்டிவ்.

கடைசியாக, கொஞ்சம் கடினமானது. எல்லா நாய்களும் பாலூட்டிகள். எல்லாப் பூனைகளும் பாலூட்டிகள். ஆகவே எந்த நாயும் பூனை அல்ல. மூன்று கூற்றுகளுமே உண்மை, அதனால் வேலிட் என்று சொல்லத் தோன்றும். பூனை இருந்த இடத்தில் வேட்டைநாயைப் போட்டுப் படியுங்கள். எல்லா நாய்களும் பாலூட்டிகள், எல்லா வேட்டைநாய்களும் பாலூட்டிகள், ஆகவே எந்த நாயும் வேட்டைநாய் அல்ல. அதே வடிவம், இந்த முறை ஆதாரக் கூற்றுகள் உண்மை, முடிவு பொய். ஆக இரண்டும் டிடக்டிவ் வாதங்கள்தான், இரண்டும் இன்வேலிட்.